பிரெய்ல் அச்சகத்து நத்தைகள்

கரும்பாறைப்பேட்டை பிரெய்ல் அச்சகத்தில் டாஸ் எமுலேட்டர் முதல் தடவை கிராஷ் ஆனபோது பிரிண்டர் வாயிலிருந்து பாதித் தாளும் ஒரு நத்தையும் வந்தன. தாள் முதலில் வந்தது. நத்தை அதன் மேலேறி, அதற்கென்ன பஸ்ஸா தவறிப்போகிறது, மெதுவாக வந்தது. வந்த தாளைச் சரிபார்க்க வழக்கம்போல ஆட்காட்டி விரலை ஓட்டிக்கொண்டு போன சண்முகவடிவின் விரல், வரியின் கடைசியில் எழுத்தை விட்டுவிட்டுச் சளியில் இறங்கி, சளியைத் தாண்டிக் கொழகொழவென்று எதிலோ முட்ட, முட்டப்பட்டது உள்ளே சுருங்கிக்கொண்டது. வடிவு பிறவியிலேயே பார்வை இல்லாதவள். இந்த நாற்பது சொச்சம் வருஷத்தில் அவள் பார்த்ததெல்லாம் அந்த விரலால் பார்த்ததுதான். உங்கள் கண்ணுக்குள் ஒருவன் மூக்கைச் சிந்திவிட்டுப் போனால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது அவளுக்கு. குழாயடிக்குப் போய் சோப்பு பாதி கரைகிற வரைக்கும் தேய்த்தாள், தேய்த்துவிட்டு மோந்து பார்த்தாள், மறுபடி தேய்த்தாள்.

"நத்தைதானக்கா, பாம்பா என்ன?" என்றாள் அச்சகத்தைப் பெருக்கித் துடைக்கிற லூர்தம்மா. விளக்குமாற்றால் அதைத் தள்ளி முறத்தில் ஏந்தியவள் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தாள். "ஓட்டுல பொடிப்பொடியாக் கொப்புளம் இருக்குக்கா. அம்மை போட்ட மாதிரி."

"சீ, அதை வேற சொல்லணுமா எங்கிட்ட," என்றாள் வடிவு.

மேனேஜர் ஆறுமுகநயினார் சத்தம் கேட்டு வந்தார். வந்ததும், எப்போதும் செய்கிறதுபோல, கேட்காமல் கொள்ளாமல் வடிவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, "பாத்து, பாத்து, இங்க ஈரமா இருக்கு, வழுக்கிரப் போவுது," என்று நாற்காலிக்குக் கூட்டிப் போனார். அந்த நாற்காலியில்தான் அவள் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து உட்காருகிறாள், அவள் காலுக்கு வழி தெரியும். நயினாரின் கை வேர்த்துக் கசகசவென்று இருக்கும். வடிவு மறுபடி குழாயடிக்குப் போனாள். எதற்குப் போகிறாள் என்று அவர் கேட்கவில்லை, நத்தைக்குத்தான் என்று நினைத்திருப்பார்.

பழைய கம்ப்யூட்டர் செத்து, யாரோ ஒரு புண்ணியவான் நன்கொடையாகக் கொடுத்த புதுப் பெட்டி லினக்ஸோடு வந்திருந்தது. பிரெய்ல் பிரிண்டரோ விண்டோஸுக்கும் முந்தின டாஸ் காலத்து ஜடம். அந்தக் காலத்து புரோகிராம் ஒன்றைத் தவிர வேறு யார் பேச்சையும் கேட்காது. அதனால் லினக்ஸுக்குள் எமுலேட்டரைப் போட்டு, இது டாஸ்தான், நீ உன் பழைய வீட்டில்தான் இருக்கிறாய் என்று அந்த புரோகிராமை நம்பவைக்க வேண்டியிருந்தது. அதையெல்லாம் செய்தவள் வடிவுதான். திரையில் என்ன இருக்கிறதென்று ஸ்பீக்கரில் ஓர் ஆண்குரல் வாசிக்கும், அவள் கட்டளை கட்டளையாகத் தட்டுவாள். அவசரமும் இருந்தது. பக்கத்து விடுதியில் படிக்கிற பார்வையில்லாத பிள்ளைகள் பரீட்சை முடிந்து அந்தக் கோடையில் ஊருலகத்துக்குள் போகிறார்கள். அவர்கள் கையில் கொடுத்தனுப்ப வடிவு பல வருஷமாக ஒரு புத்தகம் எழுதி வைத்திருந்தாள். தனியாக இருப்பது எப்படி என்ற புத்தகம். குக்கர் விசிலை எப்படி எண்ணுவது, பஸ் ஸ்டாண்டில் யாரிடம் வழி கேட்பது, வாடகை வீட்டுச் சுவரை முதல் நாள் எப்படித் தடவிப் படிப்பது என்று எல்லாம். போன வருஷம் அந்தப் புத்தகம் இல்லாமல் போன செல்வராணி என்கிற பிள்ளை, மதுரை பஸ்ஸில் ஏறி, அங்கே என்ன நடந்ததென்று யாரிடமும் சொல்லாமல் திரும்பி வந்து, இன்றுவரை வீட்டுப் படி தாண்டவில்லை. அவள் அம்மா போனில் அழுதபோது வடிவு தீர்மானம் பண்ணியது, இந்த வருஷம் ஒரு பிள்ளைகூட வெறுங்கையோடு போகக் கூடாது என்று.

ஆனால் எமுலேட்டர் விழுந்துகொண்டே இருந்தது. விழும்போதெல்லாம் ஸ்பீக்கர் குரல் துக்கமோ வெட்கமோ இல்லாமல் "செக்மென்டேஷன் ஃபால்ட்" என்று சொல்லும், சொன்னதும் பிரிண்டர் வாயில் ஒரு நத்தை தலை நீட்டும். விழுந்த ஒவ்வொரு தடவையும் புத்தகத்தில் ஒரு பக்கம் காணாமல் போனது. பென்டிரைவில் நகல் இருந்தது, திறந்து பார்த்தால் அதிலும் அதே பக்கம் இல்லை. அவளுக்கே அந்தப் பக்கத்தில் என்ன எழுதினோம் என்பது, நாக்கு நுனி வரை வந்து, அங்கேயே உட்கார்ந்துகொண்டது.

ஊர் என்ன செய்தது என்று கேட்கிறீர்களா? சமைத்தது. எதிர்த்த டீக்கடை சுடலைமுத்துவுக்கு ரொம்ப நாளாக மூலம். நத்தைக்கறி மூலத்துக்கு நல்லது என்று யாரோ சொல்ல, லூர்தம்மா மிளகும் பூண்டும் போட்டு வதக்கிக் கொடுத்தாள், மறுநாள் சுடலைமுத்து ஸ்டூலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து டீ ஆற்றினார். அவ்வளவுதான். காலையில் அச்சகம் திறக்கும் முன்னாலேயே வாசலில் கிண்ணமும் தூக்குச்சட்டியுமாக வரிசை நின்றது. "இன்னைக்கு ஃபால்ட் உண்டாக்கா?" என்று மரியாதையாக விசாரித்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்குகிறவர்கள் ஃபால்ட் ஆபீஸ் எங்கே என்று கேட்டார்கள். பிள்ளைகள் தெருவில் ஃபால்ட் விளையாட்டு விளையாடினார்கள், ஒருத்தன் கம்ப்யூட்டராக விழுவான், இன்னொருத்தன் நத்தையாக ஊர்வான். ஓடுகளை லூர்தம்மா கல்லில் வைத்து நுணுக்கிக் கோழிக்குப் போட்டாள், கோழிகள் கல்லுக் கல்லாக முட்டையிட்டன. பிரிண்டருக்குள்ளிருந்து நத்தை எப்படி வருகிறது என்று ஒரு மனுஷன் கேட்கவில்லை. எத்தனை மணிக்கு வரும் என்றுதான் கேட்டார்கள்.

இதில் வடிவுக்குப் பொறுக்காதது என்னவென்றால், அவள் எவ்வளவு சிரத்தையாகப் பழுது பார்த்தாளோ அவ்வளவு நத்தை. எமுலேட்டரை டெர்மினலிலிருந்து ஓட்டி, விழும் முன்னால் கடைசியாக என்ன சொல்கிறது என்று கேட்டாள், விழுந்தது, ஒரு நத்தை. சவுண்டை நிறுத்தினாள், ஒரு நத்தை. மெமரியைக் குறைத்தாள், வேகத்தைக் குறைத்தாள், பிரிண்டர் போர்ட்டை மாற்றிப் போட்டாள், நத்தை, நத்தை, நத்தை. வாசலில் நின்றவர்கள், "வடிவக்கா மாதிரி உழைக்க ஆளு உண்டா," என்று பாராட்டினார்கள். அவர்கள் வாயிலிருந்து பூண்டும் மிளகும் இன்னொரு வாடையும் கலந்து ஜன்னல் வழியாக வந்தது. ஏப்பம் வேறு விட்டார்கள்.

நத்தை தின்றவர்களுக்கு வேறு சில பழக்கமும் வந்திருந்தது. கரண்ட் போனால் சுடலைமுத்து மெழுகுவத்தி தேடுவதில்லை, இருட்டில் கொதிக்கிற பாலைச் சிந்தாமல் கிளாஸில் ஊற்றினார், கிளாஸின் உள்விளிம்பில் விரலை மடக்கி வைத்துக்கொண்டு. பாத்திரக்கடைக்காரர் கண்ணை மூடிக்கொண்டு காலடி எண்ணி வீட்டுக்குப் போனார். நயினார் வீட்டிலிருந்து மட்டும் விசித்திரமான செய்தி வந்தது. அவர் மனைவி கோமதி சோறு போட வந்து தோளைத் தொட்டால், கையை உதறிவிட்டு, தெருவுக்கே கேட்கிற மாதிரி "கோமதி, கோமதி" என்று அவள் பேரைச் சொல்லிக் கத்துகிறாராம். "சாரு சைவமாச்சே, அவுகளுக்கு என்ன வந்துச்சு?" என்றார் சுடலைமுத்து. எல்லாம் நத்தை யோகம் என்று ஊர் சொல்லிக்கொண்டது. வடிவு காதை மூடிக்கொண்டாள்.

கடைசியில் கண்டுபிடித்துவிட்டாள். எமுலேட்டர் எப்படி ஓட வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிற கான்ஃபிக் ஃபைலில் கோர் என்று ஒரு வரி, அதில் டைனமிக் என்று இருந்தது. அப்படியென்றால் டாஸ் கட்டளைகளை அது கொத்துக் கொத்தாக அள்ளி வேகமாக விழுங்கும், அந்தப் பழைய புரோகிராம் தொண்டையில் சிக்கிவிடும். நார்மல் என்று மாற்றினாள். இனி ஒவ்வொன்றாக, நிதானமாக எடுத்துக்கொள்ளும். மிச்சமிருந்த பக்கங்களை அனுப்பினாள். பிரிண்டர் டகடகவென்று அடித்தது, தாள் தாளாக வந்தது, ஒரு நத்தை இல்லை. வடிவு சந்தோஷத்தில் நயினாரிடமே போய், எந்த வரி, என்ன மாற்றம் என்று ஒன்று விடாமல் சொன்னாள். "அப்படியா, நல்லது, நல்லது," என்றார் அவர். ஜன்னலுக்கு வெளியே கிண்ணங்கள் வெறுமனே கலைந்துபோயின. யாரோ ஒருத்தி, "இது அநியாயம்," என்று சொல்லிக்கொண்டே போனாள்.

மதியம் விடுதிக்குச் சாப்பிடப் போய்த் திரும்பி வந்து அடுத்த பக்கத்தை அனுப்பினால், "செக்மென்டேஷன் ஃபால்ட்" என்றது குரல்.

கான்ஃபிக் ஃபைலைத் திறந்தாள். டைனமிக் என்று வாசித்தது. ஃபைலை யார் தொட்டது என்று கேட்டால் லினக்ஸ் சொல்லாது, எப்போது தொட்டது என்று சொல்லும். அவள் விடுதியில் சோறு பிசைந்துகொண்டிருந்த நேரம். டீக்கடைக்குப் போய் நேராகக் கேட்டாள். "யாரு செஞ்சா என்னக்கா," என்று இளித்தார் சுடலைமுத்து. "நாலு பேரு நல்லாருக்கட்டும்னுதான செஞ்சிருப்பாவ. உங்க பொஸ்தகம் எங்க ஓடிப் போவுது? அடுத்த வருஷம் போடுங்களேன்." கடையில் இருந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்றார்கள். நல்ல மனுஷர்கள்தான். ரோடு கடக்க நின்றால் லாரியை நிறுத்தி அனுப்பிவைப்பார்கள். அந்த நல்ல மனுஷர்களை அப்படியே முறத்தில் அள்ளிக் குப்பையில் கொட்ட வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

திரும்பி வந்து கீபோர்டில் கை வைத்தாள். நத்தை அங்கே இருந்தது. லூர்தம்மா அன்றைக்குப் பார்த்துக் கோயில் திருவிழாவுக்குப் போயிருந்தாள், எடுத்துப் போட ஆளில்லை, அதுபாட்டுக்குப் பிரிண்டரிலிருந்து இறங்கி எழுத்துக் கட்டைகள் மேல் சளியை இழுத்துக்கொண்டு ஊர்ந்திருக்கிறது. வடிவுக்கு அழுகை வந்தது. தாளைச் சுருட்டி அதைத் தள்ளப் பார்த்தாள், தாள் வழுக்கி, அவள் விரல் ஓட்டின் மேல் விழுந்தது. எடுத்துவிடத்தான் பார்த்தாள். ஆனால் பழகிய விரல், எழுத்து கிடைத்தால் நிற்காது.

மீ, என்றது ஓடு. மீன்.

"மீன் வாங்கும்போது செவுளுக்குள் விரலை விடு," என்று சுழி சுழியாக, கடுகைவிடச் சின்னப் புள்ளிகளில் எழுதியிருந்தது. "கொழகொழவென்றால் வேண்டாம் என்று சொல். தொடக் கூசினால் அழுகினதைத்தான் தின்பாய்."

அவள் எழுதியதுதான். அவளே பிள்ளைகளுக்கு எழுதியது. ஓட்டை உருட்டினாள், வரி தொடர்ந்தது. மறுபடி உருட்டினாள், உருட்ட உருட்டத் தீராமல், சுழிக்குள் சுழியாக, ஒரு முழுப் பக்கமும் அந்த எலுமிச்சம்பழ அளவு ஓட்டில் இருந்தது. காணாமல் போன பக்கங்கள் எங்கேயும் போகவில்லை. ஒவ்வொன்றும் ஒரு நத்தையாக அவள் கைக்குத்தான் வந்திருக்கிறது, படிக்கத் தெரிந்தவள் தொடமாட்டேன் என்றாள், தொட்டவர்களுக்குப் படிக்கத் தெரியவில்லை. விரலில் சளி காய்ந்து இறுகியது. தன் மேலேயே அவளுக்கு அன்றைக்கு வந்த அருவருப்பை எந்தச் சோப்பும் போக்காது.

மறுநாள் லூர்தம்மாவைப் பிடித்தாள். "ஓடெல்லாம் எங்க?"

"கோழி தின்னுட்டேக்கா."

"கறி?"

"ஊரு தின்னுட்டு," என்றாள் லூர்தம்மா. பிறகு குரலைத் தாழ்த்தி, "சாருந்தான். சைவம் சைவம்னு சொல்லிக்கிட்டு அவுகளும் கதவைச் சாத்திக்கிட்டு டிபன் பாக்ஸ்ல தின்னாவ. மொத நத்தையே அவுகளுக்குத்தான் குடுத்தேன். சொல்லக் கூடாதுன்னாவ," என்றாள்.

வடிவு கணக்குப் போட்டுப் பார்த்தாள். கிளாஸின் உள்விளிம்பில் விரலை மடக்கி வைத்துப் பால் ஊற்றுவது அவள் புத்தகத்தில் இருந்தது. காலடி எண்ணுவது இருந்தது. ஓட்டை நுணுக்கியாயிற்று, ஆனால் பக்கம் தின்றவன் வயிற்றில் இருக்கிறது. விஷயத்தைச் சொன்னதும் லூர்தம்மா வாயில் கை வைத்துக்கொண்டாள், தலையில் அடித்துக்கொண்டாள், பிறகு, "நீங்க கூப்பிட்டா ஒருத்தனும் வரமாட்டான்க்கா, நான் வரவைக்கேன்," என்று கிளம்பினாள். தெருத்தெருவாகப் போய் அவள் சொன்னது ஒரே ஒரு சேதிதான். நத்தை தின்னவுக எல்லாம் வடிவக்காட்ட வந்து உள்ள இருக்கிறதைச் சொல்லிறணும், சொல்லாம வச்சிருந்தா மூலம் ரெண்டு மடங்காத் திரும்பி வந்துரும்.

வரிசை மறுபடி நின்றது, இந்தத் தடவை கிண்ணம் இல்லாமல். அதற்குள் வடிவு கோர் வரியை நார்மலாக்கி, கான்ஃபிக் ஃபைலை யாரும் எழுத முடியாதபடி பூட்டி, பாஸ்வேர்டைத் தன் மண்டைக்குள் வைத்துக்கொண்டாள். ஒவ்வொருத்தராக வந்து எதிரே ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணை மூடினார்கள், மூடியதும் வாயிலிருந்து அவள் பக்கம் வந்தது. அவள் வார்த்தைகள், அவர்கள் வாடையோடு. சுடலைமுத்து கொட்டாவி விட்டுக்கொண்டே கொதிக்கிற பாலைச் சொன்னார். பாத்திரக்கடைக்காரர் வெற்றிலைச் சாறு தெறிக்கக் காலடிக் கணக்கைச் சொன்னார். ஒரு கிழவர் மாதவிலக்குத் துணியை மடித்து வைப்பதைப் பற்றிய பக்கத்தைக் கூசிக் கூசிச் சொல்லி முடித்துவிட்டு, "நான் எதுக்கும்மா இதைத் தின்னேன்," என்று கேட்டார். முகத்தைத் துடைத்துக்கொண்டு, குமட்டலை விழுங்கிக்கொண்டு, வடிவு அத்தனையையும் டைப் அடித்தாள். சொல்லிவிட்டு எழுந்தவர்களுக்குச் சொன்னது மறந்துபோயிற்று, வெளியே போகும்போதே நிலைப்படியில் இடித்துக்கொண்டார்கள். சில பேருக்கு மூலமும் திரும்பி வந்ததாம். அதற்கு அவள் என்ன செய்வாள்.

எல்லாம் கோத்துப் பார்த்தால் ஒரு பக்கம் குறைந்தது. முதல் தடவை விழுந்தபோது போன பக்கம். விடுதியில் பெட்டி கட்ட ஆரம்பித்துவிட்டார்கள்.

சாயங்காலம் கோமதி தன் புருஷனை இழுத்துக்கொண்டு வந்தாள். "தொட்டா கத்துதாவ, தெருவே சிரிக்குது," என்றாள். "உள்ள என்ன இருக்குன்னு கேட்டு எடுத்துருங்கம்மா."

"எனக்கு ஒண்ணுமில்ல," என்றார் நயினார். "நான் சைவம்."

"உக்காருங்க சார்," என்றாள் வடிவு.

வரிசையில் நின்றவர்கள் யாரும் இன்னும் கலையவில்லை. ஜன்னலில் சுடலைமுத்து, கதவோரம் லூர்தம்மா. நயினார் உட்கார்ந்தார். கண்ணை மூடமாட்டேன் என்று எவ்வளவோ பார்த்தார், இமை தானாக இறங்கியது.

"பஸ்ஸில் வருகிற கைக்கு ஊக்கு போதும்," என்று ஆரம்பித்தது அவர் வாய். "ஆபீஸில் வருகிற கைக்கு ஊக்கு போதாது. அது உதவி செய்கிறேன் என்று வரும். முழங்கையில் ஆரம்பிக்கும். வேர்த்திருக்கும். படி இல்லாத இடத்தில் படி இருக்கிறது என்று சொல்லிப் பிடிக்கும். பிடித்தது முழங்கையில் நிற்காது. கையை உதறு. உதறிவிட்டு, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி அவன் பேரைச் சொல். நான் சொல்லவில்லை. வேலை போய்விடும் என்று பயந்து இத்தனை வருஷம் சொல்லவில்லை, தினமும் கை கழுவிக்கொண்டிருக்கிறேன். நீங்கள் அப்படி இருக்காதீர்கள்."

டைப் அடித்துக்கொண்டிருந்த வடிவின் கை நின்றது. நாக்கு நுனியில் இத்தனை நாளாக உட்கார்ந்திருந்தது இதுதான். இவர் இதை முதல் நாளே தின்றிருக்கிறார். தின்ற அன்றைக்கே தெரிந்திருக்கிறது. ஊர் நல்லாருக்கட்டும் என்று இல்லை, பிரிண்டர் ஒழுங்காக ஓடினால் இவள் இதை மறுபடி எழுதி அடித்துவிடுவாள், இந்தப் பக்கம் ஒரு நாளும் தாளுக்கு வரக் கூடாது என்றுதான், அவள் சோறு பிசைந்த நேரத்தில் அந்த வரியை மாற்றியிருக்கிறார்.

நயினாரின் வாய் மூடிக்கொண்டது. பல் நெறிபடுகிற சத்தம் கேட்டது.

"அவ்வளவுதான்," என்றார்.

"இல்ல சார், கடைசி வரி ஒண்ணு இருக்கு. எனக்கு இப்ப ஞாபகம் வந்துட்டு," என்றாள் வடிவு. "ஆனா நீங்கதான் சொல்லணும். தின்னது நீங்க."

ஜன்னலில் யாரும் ஏப்பம்கூட விடவில்லை.

"என் ஆபீஸில்," என்றார் நயினார், அவர் சொல்லவில்லை, வாய் சொன்னது, "என் ஆபீஸில் அந்தக் கையின் பேர் ஆறுமுகநயினார்."

"சரியாக் கேக்கல," என்றாள் வடிவு. "இன்னொரு தடவை. உரக்கச் சொல்லுங்க, டைப் அடிக்கணும்."

அவர் உரக்கச் சொன்னார். எழுந்துபோனபோது மற்றவர்களைப்போல அவருக்கு மறக்கவில்லை என்று பிறகு லூர்தம்மா சொன்னாள். நிலைப்படியில் இடிக்காமல், பார்த்துப் பார்த்துக் கால் வைத்துப் போனாராம். கோமதி கொஞ்சம் தள்ளி, அவரைத் தொடாமல் நடந்தாளாம்.

வடிவு பக்கத்தைப் பிரிண்டருக்கு அனுப்பினாள். டகடகவென்று அடித்தது. எமுலேட்டர் விழவில்லை, ஸ்பீக்கர் குரல் ஒன்றும் சொல்லவில்லை. வந்த தாளைக் கிழித்து மேசையில் வைத்து, முதல் வரியிலிருந்து கடைசிப் பேர் வரைக்கும் விரலை ஓட்டினாள். தாள் காய்ந்திருந்தது.